சாம்பிராணி ஏறிய முந்திரி

ஏற்றுமதித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் எந்தத் தாளில் யார் கையெழுத்து, எந்தத் துறைமுகத்தில் எந்த முத்திரை என்றெல்லாம் நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். அதற்காகக் கூப்பிட்டிருந்தால் நான் சிதம்பரத்திலேயே காலை நீட்டிப் படுத்திருப்பேன். சரக்கு நம் கண்ணெதிரிலேயே கெட்டு நிற்கும், சுற்றியிருக்கிற அத்தனை பேரும் ஒன்றும் ஆகவில்லை என்று சாதிப்பார்கள். அந்த நேரத்தில் நம் மண்டைக்குள் என்ன ஓட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதை நான் ஒரு வெள்ளிக்கிழமை காடாம்புலியூரில் கற்றுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். கத்துவேன். கத்தி முடித்தபிறகு நன்றாக யோசிப்பேன். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் நான் கத்தும்போது அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2008 வாக்கில் நான் காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். வீடு சிதம்பரம் கீழவீதி. காலையில் கிளம்பி வடலூரில் பஸ் மாறிப் போக வேண்டும். முதலாளி செல்வராசு, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து முந்திரித்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். பொங்கலுக்கும் கேசரிக்கும் போகிற பருப்பை உள்ளூர்க் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். நல்ல பருப்பை எல்லாம் வெளியூர் ஏற்றுமதிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் பெயரில் கப்பல் ஏற்றுவார்கள். அது அவருக்கு ரொம்ப நாளாகவே வயிற்றெரிச்சல்.

"நம்ம தோப்புப் பருப்பு கப்பல் ஏறுது மேடம். ஆனா எவன் பேர்லயோ ஏறுது" என்பார்.

அலைந்து திரிந்து, ஐரோப்பாவில் முந்திரியை வறுத்து உப்புப் போட்டு விற்கிற ஒரு கம்பெனியிடம் ஆர்டர் வாங்கிவிட்டார். முதல் கண்டெய்னர். அவர் பெயரிலேயே போகப் போகிறது. அந்த ஒரு மாதம் அந்த மனிதர் நடக்கவே இல்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தார்.

கூட்டாளி ஒருவர் உண்டு. செல்வராசு மனைவியின் தம்பி தனசேகர். வயதில் சின்னவர், கணக்கில் புலி. அவர் கண் எல்லையின் மீது இருந்தது. கடலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே தொழில் தொடங்கினால் வரிச்சலுகை. அதைவிடப் பெரிய விஷயம், கரண்ட். அந்த வருஷங்களில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நெய்வேலி அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எங்கள் கம்பெனி மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். இந்தப் பக்கம் மிஷின் நின்று கிடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும். தனசேகர் எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூர் அருகில் ஒரு ஷெட் பார்த்து வைத்திருந்தார். மிஷின் எல்லாம் அவர் போட்ட முதலில் வாங்கியது.

மாமனுக்கும் மச்சானுக்கும் இதில் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். சொன்ன தேதியில் முதல் கண்டெய்னர் பரிசோதனை முடிந்து கேட்டைத் தாண்டினால் கம்பெனி இங்கேயே இருக்கும். தாண்டவில்லை என்றால் தனசேகர் மிஷினை ஏற்றிக்கொண்டு பாகூர் போய்விடுவார்.

இதில் அதிகமாகப் பயந்தவள் அஞ்சலை. தோல் உரிக்கிற, தரம் பிரிக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. எல்லோரும் சுற்று வட்டாரத்துப் பெண்கள், நடந்தே வேலைக்கு வருகிறவர்கள். பாகூருக்கு எந்தப் பஸ்ஸில் போவார்கள்? போனாலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் திரும்ப முடியுமா? "ஷெட்டு போனா நாங்க கொல்லையில களை எடுக்கத்தான் போவணும் மேடம்" என்று அவள் என்னிடம் ஒருநாள் சொன்னாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சொன்ன தேதி ஒரு சனிக்கிழமை. அன்று காலை சென்னையிலிருந்து பரிசோதகர் வருவதாக ஏற்பாடு. அவர் டின்களைத் திறந்து பார்த்துச் சரி என்றால்தான் கண்டெய்னருக்குச் சீல். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் திருப்பாதிரிப்புலியூர் போய், அச்சுக்குக் கொடுத்திருந்த லேபிள்களை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். கேட்டுக்குள் நுழையும்போதே எனக்கு என்னவோ போல இருந்தது. பேக்கிங் அறைக் கதவைத் திறந்தேன்.

கர்ப்பகிரகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. உள்ளே ஒரே புகை.

எங்கள் பக்கத்துக் கடைவீதிகளில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பாய் வருவார். ஒரு கையில் தணல் போட்ட சாம்பிராணிச் சட்டி, இன்னொரு கையில் மயிலிறகு விசிறி. கடை கடையாக ஏறிப் புகை போட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். எங்கள் கம்பெனிக்கும் வருவார். கேட்டருகிலும் ஆபீஸ் அறையிலும் போட்டுவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு என்னவென்றால் அவர் பேக்கிங் அறை நடுவில் நின்று, மூலை மூலையாக விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு செல்வராசு. சுற்றிலும் தட்டுத் தட்டாகத் திறந்து கிடந்தது, கப்பலேற வேண்டிய முழுப்பருப்பு.

"சார், இது என்ன சார்?"

"நாளைக்கு மொத கண்டெய்னர் போவுதுல்ல மேடம். ஊர்க் கண்ணு ஜாஸ்தி. அதான் பாய இன்னைக்கு உள்ளயே கூட்டியாந்துட்டேன்."

"எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் ஓடல? பருப்பு ஏன் டின்னுக்குப் போகாம கெடக்கு?"

"கரண்ட் போயி எந்நேரமாச்சி. டின் மூடற மிஷின் நின்னுடுச்சி. அது வரைக்கும் சும்மா ஒக்காந்துருப்பானேன்னுதான்..."

தூசி வரக் கூடாது என்று ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தியிருந்தார்கள்.

அஞ்சலை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "நல்ல வாசனதான மேடம்?"

பிள்ளைகளே, முந்திரிப்பருப்பு எண்ணெய்ப் பசை உள்ள பண்டம். பக்கத்தில் எது மணந்தாலும் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தால் மண்ணெண்ணெய், ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைத்தால் ஊதுபத்தி. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மண்ணெண்ணெய் என்றால் எல்லோரும் பதறியிருப்பார்கள். சாம்பிராணி ஒரு குற்றம் என்று நம் ஊரில் எவருக்குமே தோன்றாது. சரக்கைக் கெடுத்தது நம் எல்லோருக்கும் பிடித்த ஒரு வாசனை. வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே சொல்ல முடியாது. கத்தி முடித்ததும் முதலில் சொன்னது இதுதான்: ஜன்னலைத் திறங்கள், ஆனால் ஒரு தட்டைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது. அவசரத்தில் எல்லோரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தார்கள். கலந்துவிட்டால் எது கெட்டது, எது நல்லது என்று பிறகு ஆண்டவனாலும் பிரிக்க முடியாது. ஏதாவது நடந்தால் நம் கை உடனே எதையாவது செய்யத் துடிக்கும். அந்தக் கையை முதலில் கட்டிப் போடுங்கள்.

பாய் விசிறியைத் தாழ்த்திக்கொண்டு சங்கடமாக நின்றார். "பாய், உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "எனக்கு இப்பத்தாம்மா புரியுது, சாப்புடற சாமான்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியேறினார்.

செல்வராசு மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒரு பருப்பை எடுத்து மோந்தார், கடித்தார். "ஒண்ணும் தெரியல மேடம். நீங்க சும்மா பயப்படுறீங்க." அஞ்சலை மோந்து பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. நான் மோந்தேன். எனக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் துணி, தலைமுடி, மூக்கு எல்லாமே சாம்பிராணி. அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரு மூக்கையும் நம்ப முடியாது.

கை கழுவிக்கொண்டு புதுத் தாளில் இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னேன். ஒன்று புகையில் கிடந்த தட்டிலிருந்து. இன்னொன்று காலையில், கரண்ட் போகும் முன்பே மூடிய டின்னிலிருந்து. செல்வராசுவை இழுத்துக்கொண்டு மெயின்ரோட்டுப் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பண்ருட்டி பஸ்ஸுக்கு நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் டின் பருப்பைக் கொடுத்தேன். பலாப்பழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாள் வாங்கி வாயில் போட்டார். "நல்லாருக்கு. வறுத்து மொளகாத்தூள் போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார். பிறகு தட்டுப் பருப்பைக் கொடுத்தேன். அந்த அம்மாள் கையில் வாங்கினார். உடனே கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்தக் கோயில் பிரசாதம்மா இது?" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

நான் செல்வராசுவைப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

திரும்பி நடக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், வெளிநாட்டுக்காரனுக்குச் சாம்பிராணின்னா என்னன்னே தெரியாது. ஏதோ நல்ல வாசனன்னு நெனச்சிக்குவான்."

"சார், அவன் முந்திரிக்கு ஆர்டர் குடுத்துருக்கான். பிரசாதத்துக்கு இல்ல."

அடுத்த கேள்வி எனக்கு முன்னால் நின்றது. எது எது கெட்டிருக்கிறது? வாசலருகே கிடந்த தட்டுகள், ஜன்னலோரத் தட்டுகள், உள் மூலையில் துணி போட்டு மூடியிருந்த தட்டுகள், பருப்பு கொட்டி மூடி மட்டும் வைத்திருந்த டின்கள். எல்லாவற்றையும் தள்ளினால் கண்டெய்னர் பாதிகூட நிறையாது. எல்லாவற்றையும் அனுப்பினால் பெயர் நாறிவிடும். பிரித்தாக வேண்டும். பிரிக்க ஒரு சுத்தமான மூக்கு வேண்டும். பஸ் ஸ்டாப் ஜனங்களை ஷெட்டுக்குக் கூட்டி வர முடியுமா?

அந்த நேரம் பார்த்துத் தனசேகரின் பைக் கேட்டுக்கு வந்து நின்றது. காலையிலிருந்து பாகூரில் இருந்துவிட்டு வருகிறார். செல்வராசு என் கையைப் பிடிக்காத குறை. "மேடம், கும்புடறேன். மச்சானுக்கு மட்டும் தெரிய வேணாம். இதான் சாக்குன்னு மிஷின ஏத்திடுவான்."

நான் அந்தக் கேட்டருகே நின்றது கொஞ்ச நேரம்தான். ஆனால் என் பணிக்காலத்தில் அத்தனை வேகமாக நான் யோசித்ததே இல்லை. இந்த ஆளுக்கு வேண்டியது நாம் தோற்பதுதான். நம் சரக்கில் ஒரு குறை கிடைத்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். அப்படியானால் குறை ஒன்றுகூட இவர் மூக்குக்குத் தப்பாது. செல்வராசு மோந்தால் ஆசை மோக்கும். நான் மோந்தால் பயம் மோக்கும். இவர் மட்டும்தான் மிச்சம் வைக்காமல் பிடிப்பார்.

நேராகப் போய்ப் பைக்குக்கு முன்னால் நின்றேன். "தனசேகர், உள்ள போகாதீங்க. உங்க மூக்கு எனக்கு வேணும்."

நடந்ததைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்குத்தான் மேடம் தலதலயா அடிச்சிக்கிறேன். அந்தாண்ட போயிருந்தா கரண்டும் போயிருக்காது, எங்க மாமா பூசயும் போட்டுருக்க மாட்டாரு."

"அந்தாண்டயும் வெள்ளிக்கிழம வரும் தனசேகர்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் பாட்டுக்கு எல்லாமே கெட்டுப்போச்சின்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? எனக்கு அதான லாபம்."

"சொல்லுங்க. சந்தேகம் வந்தா பஸ் ஸ்டாப்புல குடுத்துப் பாத்துட்டு வரேன். செருப்பக் கழட்டுனா கெட்டது, கழட்டலன்னா நல்லது."

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அஞ்சலை தட்டுத் தட்டாகக் கொஞ்சம் பருப்பைத் தாளில் எடுத்துவந்து, அந்த நாற்காலியிலிருந்து தள்ளி ஒரு கல்லின் மேல் வைப்பாள். அவள் சேலை வாசம் அவர் பக்கம் வரக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். எந்தத் தட்டு என்று அவருக்குத் தெரியாது. எடுத்து மோப்பார், கடிப்பார், தண்ணீரில் வாய் கொப்புளிப்பார்.

"வேணாம்."

அடுத்தது. "வேணாம்."

அடுத்தது. மோந்த உடனேயே தூக்கிப் போட்டார். "சூடம் கொளுத்தலாம் இதுக்கு."

செல்வராசு படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். உரிப்புப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுவரோரம் வந்து நின்றார்கள். ஒவ்வொரு 'வேணாமு'க்கும் அவர்கள் முகம் இன்னும் கொஞ்சம் சுண்டியது. வாசல் பக்கத் தட்டுகள் முழுவதும் போயின. ஜன்னலோரமும் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அஞ்சலை தாளைக் கல்லில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சின்ன மொதலாளி, ஒரு வார்த்த கேக்கறேன். கோச்சிக்கக் கூடாது. வேணும்னே சொல்றீங்களா?"

தனசேகருக்குச் சுருக்கென்றது. "சந்தேகமாருந்தா நீயே மோந்து பாரு."

"எம் மூக்குலதான் ஒண்ணும் ஏற மாட்டேங்குதே. எங்களுக்கெல்லாம் சேத்து இப்ப ஒங்க மூக்குதான்."

தனசேகர் எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவினார். மூக்கைச் சிந்தினார். கொஞ்ச தூரம் ரோட்டுப் பக்கம் நடந்துபோய்க் காற்றில் நின்றுவிட்டு வந்தார். கடைசியாகத் தூக்கிப் போட்ட பருப்பைத் தரையிலிருந்து பொறுக்கி, துடைத்து, மறுபடி மோந்தார்.

"வேணாம்தான்" என்றார். ஆனால் இந்தத் தடவை அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "அடுத்தது கொண்டா."

அடுத்தது உள் மூலைத் தட்டு, துணி போட்டு மூடியிருந்தது. மோந்தார். கடித்தார். மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று எடுத்தார். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல."

அதற்கடுத்ததிலும் ஒன்றும் இல்லை. மூலைத் தட்டுகள் பெரும்பாலும் தப்பித்தன. காலையில் மூடிய டின்கள் அத்தனையும் தப்பித்தன. மூடி மட்டும் வைத்திருந்த டின்களில் பாதியைத் தள்ளினார், பாதியைச் சேர்த்தார். நான் சொன்னபடியே இரண்டு பொட்டலத்தைப் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் அவர் தீர்ப்பைச் சோதித்தேன். அவர் சேர்த்த பருப்புக்கு எவரும் செருப்பைக் கழற்றவில்லை. எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

அப்படியும் சரக்கு குறைந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஷெட்டில் தோல் உரிக்காத பருப்பு இருந்தது, புகை அங்கே எட்டவில்லை. அதை உரித்து, பிரித்து, அடைக்க வேண்டுமானால் சனிக்கிழமை சாயந்திரம் வரை பிடிக்கும். பரிசோதகரோ காலையில் வருகிறார். நான் சென்னைக்குப் போன் போட்டேன். காரணம் கேட்டார்கள். லாரி ரிப்பேர், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எத்தனையோ சொல்லலாம். நான் உள்ளதைச் சொன்னேன். சாம்பிராணி போட்டுவிட்டோம், பிரித்துத் தள்ளிவிட்டோம், ஈடு கட்ட ஒரு பகல் வேண்டும்.

போனில் பதில் வந்தது: "சாயந்திரம் வர்றோம். ஆனா இப்ப நீங்க இதைச் சொன்னதுக்கப்புறம் வழக்கமா திறக்கறதவிட நெறைய டின் திறப்போம்."

செல்வராசு குதித்தார். "வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே மேடம். சும்மாருந்தா ஏதோ ரெண்டு டின்னப் பாத்துட்டுப் போயிருப்பான்."

"நெறைய திறக்கட்டும் சார். ஏற்கெனவே உங்க மச்சான் எல்லாத்தையும் திறந்துட்டாரு."

சனிக்கிழமை காலை நான் வருவதற்குள் அஞ்சலை தன் ஆட்களை மட்டுமில்லாமல் அவர்களுடைய நாத்தனார், ஓரகத்தி எல்லோரையும் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தாள். பூ வைத்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் கேட்டிலேயே எடுக்கச் சொல்லிவிட்டாளாம். கேட்டருகே மல்லியும் கனகாம்பரமும் குவிந்து கிடந்தன. உரிக்கிற சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கம்போல முற்பகலில் கரண்ட் போயிற்று. எல்லோரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். அப்போது கேட்டுக்குள் ஒரு டெம்போ நுழைந்தது, பின்னால் ஜெனரேட்டர், அதன் மேல் தனசேகர். பண்ருட்டியில் கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிறவரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அதில் சுற்றியிருந்த சீரியல் பல்புகூட அப்படியே இருந்தது.

டின் மூடுகிற மிஷின் ஓட ஆரம்பித்ததும் பெண்கள் ஓ என்று சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன். தனசேகர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு கணக்கு சொல்லுங்க மேடம்" என்றார். "பாகூர்ல கரண்ட் இருக்கு, சலுக இருக்கு. இங்க என்னா இருக்கு?"

எனக்கு அப்போது இருந்த வேகத்தில் கொட்டித் தீர்த்துவிட்டேன். சலுகை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு எடுத்துவிடுவார்கள். ஜெனரேட்டரைக் கடையில் வாங்கலாம். ஒரு பருப்பைக் கையில் எடுத்ததும் எந்தத் தரம் என்று சொல்கிற விரலை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அது இருக்கிறது. தோப்பு இருக்கிறது. தோப்பு காய்க்காத மாதத்தில் கப்பலில் வெளிநாட்டுக் கொட்டையை இறக்கி இங்கேயே உடைக்கலாம். ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். எல்லை பக்கத்தில் இருப்பதும் நமக்கு நல்லதுதான், அந்தப் பக்கத்து டின் கம்பெனியும் அட்டைப்பெட்டிக் கம்பெனியும் நமக்குப் போட்டி போட்டுக்கொண்டு சரக்குப் போடும். அவர்கள் சலுகையை நாம் இங்கிருந்தே அனுபவிக்கலாம். நாம் எதற்கு வேரைப் பிடுங்கிக்கொண்டு அங்கே போக வேண்டும்?

அவர் டெம்போக்காரரிடம் டீசல் பற்றி ஏதோ பேசப் போய்விட்டார். நான் அன்றைக்குச் சொன்னதில் முக்கால்வாசி பின்னால் நடந்தது. புயலில் தோப்புகள் சாய்ந்த வருஷம்கூட வெளிநாட்டுக் கொட்டையை வைத்துத்தான் அந்த ஷெட் மூடாமல் ஓடியது. உங்களில் பாதிப் பேர் இன்று வேலைக்கு வந்திருக்கிற கம்பெனிகள் அதற்குப் பிறகு முளைத்தவைதான்.

சாயந்திரம் பரிசோதகர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். அடுக்கின் முன்னால் இருந்த டின்களைத் தொடவே இல்லை. உள்ளே புகுந்து அடியில், நடுவில், கடைசியில் என்று அவராகவே எடுத்தார். பருப்பைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திறந்து மோந்தார். அப்படி எத்தனை குடுவை. செல்வராசு சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

கடைசிக் குடுவையை வைத்துவிட்டு அவர் கேட்டார்: "ஒதுக்கினதா சொன்னீங்களே, அது எங்க?"

கூட்டிப்போய்க் காட்டினேன். தார்ப்பாயை விலக்கி அங்கும் அள்ளி எடுத்து, அதற்கும் வெந்நீர் ஊற்றி மோந்தார். சில குடுவைகளில் முகத்தைத் திருப்பினார். சிலவற்றில் மறுபடி மறுபடி மோந்தார்.

"இதப் பிரிச்சது யாரு?"

தனசேகர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"இதுல பாதிய நானே சரின்னு விட்டுருப்பேன்" என்றார் பரிசோதகர். பையிலிருந்து கண்டெய்னருக்கான சீலை எடுத்தார்.

பிள்ளைகளே, உங்கள் வேலையைச் சோதிக்க ஆள் தேடும்போது உங்களைப் பிடித்தவனைத் தேடாதீர்கள். நீங்கள் தோற்றால் சந்தோஷப்படுகிறவன் யார் என்று பார்த்து அவன் கையில் கொடுங்கள். அவன் விட்ட இடத்தில் வேறு எவரும் குறை காண மாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. நம்பிக் கொடுத்துவிட்டால் சில பேர் மாறிப்போவார்கள். எல்லோரும் மாற மாட்டார்கள், அதனால் பஸ் ஸ்டாப்புக்கும் ஒரு நடை போய்வந்துவிடுங்கள்.

ஒதுக்கிய பருப்பை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். விஷயத்தைச் சொல்லியே சிதம்பரத்தில் ஒரு பலகாரக் கடைக்காரருக்குக் கொடுத்தோம். அவர் சர்க்கரைப்பொங்கலில் போட்டிருக்கிறார். அடுத்த வாரமே போன், அதே மாதிரி இன்னும் கிடைக்குமா என்று.

கண்டெய்னர் கிளம்பியபோது இருட்டியிருக்கவில்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அது பருப்பை ஒன்றும் செய்யாது என்பதால் விட்டுவிட்டேன். லாரி நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி மெயின்ரோட்டில் திரும்பியது. செல்வராசு அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அங்கேயே துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அவரைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெண்கள் கை கால் கழுவி, கேட்டருகே கிடந்த பூவை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டருகிலேயே நின்றார்கள். கடைசியில் அஞ்சலைதான் முன்னால் வந்தாள். அவள் செல்வராசுவிடம் போகவில்லை. தனசேகரிடம் போனாள்.

"சின்ன மொதலாளி, திங்கக்கிழம நாங்க வரணுமா?"

தனசேகர் ஜெனரேட்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன், வேற எங்கனா வேலக்கிச் சேந்துட்டியா?" என்றார். "நேரத்தோட வந்து சேருங்க. லேட்டா வந்தா கேட்ட சாத்திடுவேன்."

அஞ்சலை திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள், திங்கட்கிழமை சோற்றுக்கு என்ன குழம்பு என்று பேசிக்கொண்டே.